கெடு

கானாடுகாத்தானில் அதிகாலை மூன்றரை.
நெற்றி விளக்குகள் அறுபத்து நான்கு.
பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுச் சுவரில் சாய்ந்து
வலது முழங்காலில் நீல நாடா ஒட்டிக்கொண்டேன்,
தொடையிலிருந்து இறங்கும் நார்
எலும்பில் உரசுகிற இடத்தில்.
ஓடக் கூடாது என்று சொல்லவில்லை பிசியோ ஜெனோவா.
ஓடினால் அப்புறம் என்னிடம் வராதே என்றாள்.

எழுபத்தைந்து கிலோமீட்டர்.
பதினொரு மணி நேரம் கெடு.

கெடு என் தொழில்.
பள்ளத்தூர் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பவர் வேறு ஆள்.
தேதி எழுதுகிறவள் நான்.
தவறினால் ஏலம் என்று
எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்,
கை நடுங்காமல்.

முதல் இருபது கிலோமீட்டர் வலிக்கவே இல்லை.
அதுதான் பயம்.
அடகு வைக்க வருகிறவர்களும் முதல் நாள்
சிரித்துக்கொண்டுதான் வருவார்கள்,
மூணே மாசம் மேடம் என்று.

ஆத்தங்குடி தாண்டி இருபத்தேழாவதில்
பேச ஆரம்பித்தது.
இறக்கத்தில் மட்டும்.
இந்தச் சீமையில் இறக்கம் எங்கே என்பீர்கள்.
பதினேழு வருடம் ஸ்கூட்டியில் போய்
நானும் சமதரை என்றே நம்பியிருந்தேன்.
கண்மாய்க்குக் கண்மாய் ஒரு கரை,
கரைக்குக் கரை ஓர் ஏற்றம், ஓர் இறக்கம்.
ஸ்கூட்டி என்னிடம் சொல்லவே இல்லை.

நாச்சியாபுரத்தில் தண்ணீர் மேசை
கால்நடை மருந்தக வாசலில்.
தொண்டர் பனியனில் கம்பவுண்டர் சிக்கந்தர்
குனிந்து பார்த்தார், வீக்கத்தை அமுக்கினார்.
"மாடா இருந்தா படுக்கப் போட்டிருப்பேன்."
ஐஸ் தீர்ந்துவிட்டது.
தடுப்பூசிப் பெட்டியில் இருந்த குளிர்பொதியை எடுத்து
துணி சுற்றிக் கட்டினார்.
அதன்மேல் மார்க்கர் பேனாவில் கோமாரி என்றிருந்தது.
அதோடு ஓடினேன். ஓடினேன் என்று சொல்லிக்கொண்டேன்.
சேலத்துக் கல்லூரிப் பையன் ஒருவன்
நடந்தே என்னை முந்திப் போனான்.

பதினோரு மணிக்கு மேல் வெயில் தலையில் அல்ல,
செம்புறாங்கல்லில் இருந்து மேலே வந்தது.
தைலமரக் காட்டில் நிழல் உண்டுதான்,
கம்பி கம்பியாக.
வலது காலை வெளியே வீசி,
இடது காலில் இறங்கி,
உப்பு மாத்திரையை மென்று,
ஒரு மைல்கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே
வாந்தி.

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டிருந்தார் வீட்டுக்காரர்.
அறுபதுக்கு மேல் பதில் தானாக வரும் என்று நினைத்திருந்தேன்.
வந்தது அழகுமீனா.
செங்கல் சூளையிலிருந்து நேரே வந்தவள்,
கெடு நாள் மாலை ஐந்து பத்துக்கு
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே நுழைந்தாள்.
கணினியை மூடியாச்சு என்றேன்.
மூடியிருந்தது. பொய்யில்லை.
நோட்டுகளில் சாம்பல் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிலோமீட்டர்
கால் என்ன சொன்னது என்று
எனக்கு நினைவில்லை.

செட்டிநாடு ரயில்நிலையம். மூன்று இருபத்திரண்டு.
நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
காற்றடைத்த வளைவின் மோட்டாரை
ஒரு பையன் நிறுத்தியிருந்தான்.
முடிவு என்ற எழுத்து மடிந்து மடிந்து
இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது.
"சைடுல போயிருங்க மேடம்."

இரண்டு பக்கமும் வழி அகலமாகத்தான் இருந்தது.
நான் குனிந்தேன்.
முழங்கால் மடங்கவில்லை.
அதை ஒரு பக்கமாக நீட்டிப் போட்டு
சுடும் தாரில் இரண்டு கையும் ஊன்றி
ரப்பர் வாசனைக்கு அடியில்
தலையை நுழைத்தேன்.

பையன் கைதட்டவில்லை. மணி பார்க்கவில்லை.
ஓர் ஓரத்தை மட்டும்
கொஞ்சம்
தூக்கிப் பிடித்தான்.